கூரையை அழித்துக் காட்டினேன், சம்பந்தி

அன்பு கொஞ்சமும் குறையாத என் சம்பந்திக்கு,

ஆவணி பிறந்தால் நீங்கள் போய் ஒரு வருடம். பேத்தி இப்போதெல்லாம் "கொரியத் தாத்தா எங்கே" என்று கேட்பதில்லை. உங்கள் படத்தின் முன் நின்று "அன்யோங்" என்று வணக்கம் சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போகிறாள். நீங்கள் சொல்லிக்கொடுத்தது அந்த ஒரு வார்த்தைதான். அதை அவள் விடுவதாக இல்லை.

எழுத வந்தது வேறு. நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். சரிதானா என்று உங்களிடம்தான் கேட்க வேண்டும். வேறு யாரிடம் கேட்டாலும் முதலில் அந்த எழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். இதைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திரும்பச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு ஒரே பஸ்ஸில் போனோமே, நான் ஜப்பானியர் ஆலையில் மொழிபெயர்ப்பாளன், நீங்கள் கொரியர் ஆலையில். செம்பரம்பாக்கம் தாண்டும்போது ஒருநாள் சன்னல் கண்ணாடித் தூசியில், ஜப்பானியர் எழுதும் சீனப் பட எழுத்து ஒன்றை வரைந்தேன். மேலே கூரை. அதன் கீழே ஒரு பெண். பொருள், அமைதி. எங்கள் ஆலையில் 'பாதுகாப்பே முதல்' என்று தொங்கும் எல்லாப் பலகையிலும் முதலில் நிற்பது அதுதான்.

"எங்க போர்டுல இந்தப் பொம்மையெல்லாம் கிடையாதுடா" என்றீர்கள். அப்போது 'டா'தான். பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேசிய பிறகுதானே நமக்குள் இந்த 'ங்க' வந்து உட்கார்ந்தது. உங்கள் பலகையில் 'பாதுகாப்பு' என்பதை வாசிக்கச் சொன்னேன். "அன்ஜொன்" என்றீர்கள். எங்களுடையது "அன்ஸென்". தொடக்க ஒலி ஒன்றே என்று கண்டதும், தூசியில் அந்த எழுத்தை நீங்களும் ஒருமுறை வரைந்து பார்த்தீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள்தான் என்னைவிட அதிகம் தேடினீர்கள். சீனத்தில் 'ஆன்', கான்டன் பக்கம் 'ஓன்', வியட்நாமில் மறுபடி 'ஆன்'. கொரியரும் வியட்நாமியரும் அன்றாடத்தில் அந்த எழுத்தை எழுதுவதையே விட்டுவிட்டார்கள், ஒலியை மட்டும் விடவில்லை. 'அன்யோங்' என்ற வணக்கத்தின் தொடக்கமும் அதுதான் என்று ஒரு காலையில் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி அறிவித்தீர்கள்.

ஜப்பானியர் இதையே 'யசுயி' என்றும் வாசிப்பார்கள், அப்போது மலிவு என்று பொருள் என்றேன். "பொம்பளை வூட்டோட இருந்தா செலவு கம்மின்னு எவனோ கணக்கு போட்டுக்கீறான்" என்றீர்கள். முன் சீட்டு அம்மா திரும்பி, "அவனை ஒருநாள் எங்க வூட்டு மளிகை வாங்க அனுப்பு" என்றார்.

ஆமை ஓட்டிலும் மாட்டெலும்பிலும் கீறிய மிகப் பழைய வடிவத்தில் அவள் கைகளைச் சேர்த்து மண்டியிட்டு இருக்கிறாள். சிலவற்றில் அவளருகே ஒரு சிறு கோடு. பாய் என்கிறார் ஒருவர், இல்லை என்கிறார் இன்னொருவர். பெண் வீட்டில் அடங்கியிருந்தால் நிம்மதி என்று பொருள் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது உறுத்தும். ஆனால் மறுக்கும் அளவுக்கு நான் படித்தவனா? நீங்கள்தான், "பொம்பளையையே பார்த்துக்கினு இருக்கியேடா, கூரையைப் பாரு" என்பீர்கள்.

போன மாதம் ஒரகடத்தில் ஓர் ஆலையில் பாதுகாப்புக் கூட்டம். வழக்கமான மொழிபெயர்ப்பாளருக்கு உடம்பு சரியில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஜப்பானிலிருந்து தலைவர் வந்திருந்தார். எதிரே லைனில் நிற்கும் பெண்கள், பெரும்பாலும் தெற்கேயிருந்து வந்து விடுதியில் தங்கியிருப்பவர்கள். பணியாளர் துறை மேலாளர் திரையில் நம் எழுத்தைக் காட்டினார். "பெண் வீட்டுக்குள்ள இருந்தா அமைதி. அதுதான் சேஃப்டி" என்றார்.

தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி எழுந்தாள். பெயர் முத்துமாரி. "அப்போ எங்கள எதுக்கு சார் வேலைக்கு எடுத்தீய?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "அந்தப் படத்துல கூரை போட்டிருக்குல்லா, அதையாவது குடுங்க. ஷிஃப்ட் முடிஞ்சு பஸ்ஸுக்கு ரோட்டுலதான நிக்கோம். வெயிலுக்கும் மழைக்கும் ஒரு தகரங்கூடக் கிடையாது. போன வாரம் ஒருத்தி மயங்கி விழுந்துட்டா. நாங்க சொல்லாத ஆளில்ல."

மேலாளர் என் பக்கம் குனிந்தார். "சார், இதை விட்டுடுங்க. அப்புறம் பார்த்துக்கலாம்." தலைவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டது அவள் குரல் மட்டும். அவள் கேட்ட கூரை அவரிடம் போவதும் போகாததும் என் வாயில் இருந்தது.

என்னை உங்களுக்குத் தெரியும். டீ ஆறிப்போயிருந்தால்கூடச் சொல்லாமல் குடித்துவிட்டு வருகிறவன். ஆனால் தொழிலில் எனக்கு ஒரே ஓர் ஒழுங்கு உண்டு, சொன்னதில் எதையும் விடக்கூடாது. வரிசையாகச் சொன்னேன். மயங்கி விழுந்ததையும் சொன்னேன், சொல்லாத ஆளில்லை என்பதையும் சொன்னேன்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளன் சொந்தமாகப் பேசக் கூடாது. ஆனால் எழுந்து வெள்ளைப் பலகையில் அந்த எழுத்தை வரைந்தேன். பிறகு மேலே இருந்த கூரையை மட்டும் விரலால் அழித்தேன். கீழே மிஞ்சியது 'பெண்' என்ற எழுத்து. "பெண் இங்கேயேதான் இருக்கிறாள். போனது அமைதி" என்று ஜப்பானியத்தில் சொல்லி, தமிழிலும் சொன்னேன். "இது என் சொந்தக் கருத்து, மன்னிக்கவும்" என்று இரண்டிலும் சேர்த்துக்கொண்டேன்.

தலைவர் ஷிஃப்ட் எப்போது முடியும் என்று மட்டும் கேட்டார். ஜப்பானியர் வழக்கம் உங்களுக்குத் தெரியுமே, எதையும் அறைக்குள் முடிவு செய்யமாட்டார்கள், இடத்தைப் போய்ப் பார்ப்பார்கள். ஷிஃப்ட் முடிந்ததும் அந்தப் பெண்களோடு போய் ரோட்டோரம் நின்றார். பின்னால் நான். பஸ் தாமதம். மேலாளர் காரை வரவழைக்கவா என்று கேட்டார், அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். நல்ல வெயில்.

ஒருவழியாக பஸ் வந்தது. ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். "இன்னா மாரி, யாரு இவரு? மூஞ்சி தக்காளி கணக்கா கீது."

"எங்க கம்பெனிக்கே பெரியவருண்ணே."

"அய்யோ. நான் லேட்டா வந்தத சொல்லிடாதீங்கம்மா."

அதையும் மொழிபெயர்த்தேன் சம்பந்தி. எதையும் விடக்கூடாது அல்லவா. தலைவர் அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

நேற்று அந்தப் பக்கம் போனேன். அந்த இடத்தில் தூண்கள் நிற்கின்றன. மேலே இன்னும் வானம்தான். என்னை மறுபடி கூப்பிடுவார்களா தெரியாது. நான் எல்லை தாண்டியது தப்பா? பழைய வடிவத்தைச் சரியாகத் தெரியாமலே கூரைக்கு இவ்வளவு பொருள் கொடுத்துவிட்டேனா? இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டேதான் நடந்தேன். ஆனால் தூண்களைத் தொட்டுப் பார்த்தபோது, மறுபடி அந்தப் பலகை முன் நிறுத்தினாலும் இதையேதான் செய்வேன் என்று தோன்றியது. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் 'ங்க'வையெல்லாம் மறந்து, "இப்பத்தாண்டா வாயைத் திறந்தே" என்றிருப்பீர்கள்.

கூரை ஏறியதும் பேத்தியை அங்கே கூட்டிப்போவேன். முத்துமாரியும் மற்றவர்களும் வந்து நிழலில் நிற்கும்போது, பேத்தி உங்கள் 'அன்யோங்'கைச் சொல்வாள். கூட நானும் சொல்வேன், பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி.

உங்கள் சம்பந்தி,
நம் பேத்தியின் ஜப்பான் தாத்தா