ஷாமாவின் நெற்றியில் ஒட்டிய நோட்டு

அத்பரா,
வெள்ளிக்கிழமை.

இஷ்ராகாவின் அப்பாவுக்கு பதூல் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். ஜித்தாவில் வெயில் எப்படி? முதுகுவலி தேவலையா?

மகள் கல்யாணம் நல்லபடியாக நடந்ததென்று போன கடிதத்தில் எழுதினேன். லீவு கிடைக்கவில்லை என்ற உங்கள் தந்தியைப் படித்து அவள் அழுததை எழுதவில்லை. கையெல்லாம் ஈர மருதாணி. கண்ணீரை நான்தான் துடைத்துவிட்டேன்.

இன்னொன்றையும் எழுதவில்லை. உட்கார்ந்துகொண்டு படியுங்கள். நீங்கள் பழைய பண நோட்டுகள் சேர்த்துவைக்கும் ஆல்பத்தில் ஒரு நோட்டு இல்லை. சூடானுக்குச் சுதந்திரம் வந்ததும் முதன்முதலாக அடித்த ஐந்து நோட்டுகளில், சிப்பாய்கள் படம் போட்ட இருபத்தைந்து பியாஸ்தர்.

திருடு போகவில்லை. கல்யாணத்தில் பாட்டுக்காரி ஷாமா மேளம் தட்டி மாப்பிள்ளையின் அப்பாவைப் புகழ்ந்தாள். அவர் எழுந்து வந்து அவள் நெற்றியில் நோட்டை ஒட்டினார். அடுத்து, "பொண்ணோட அப்பா எங்கே? எந்தப் பொந்துல ஒளிஞ்சிருக்கு அந்தச் சிங்கம்?" என்று இழுத்துப் பாடினாள். கூட்டமே எங்களைத் திரும்பிப் பார்த்தது. என் அண்ணன் பாபிகருக்குப் பொறுக்கவில்லை. அவர் பை அதற்குள் காலி. வீட்டுக்குள் ஓடி, ஆல்பத்தில் கைக்கு வந்ததை உருவி, "இந்தா, அவ அப்பன் குடுக்கிறது!" என்று கத்திக்கொண்டே ஷாமாவின் வியர்த்த நெற்றியில் அப்பிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் புது நோட்டோடு போய் மாற்றித் தரக் கேட்டேன். ஷாமா லேசுப்பட்டவளா? "அப்பன் பேரைச் சொல்லித் தந்தது இது. அப்பனே வந்து கேக்கட்டும். அதுவரைக்கும் என் பெட்டியில பத்திரமா இருக்கும், போடி" என்றாள்.

நானும் கெஞ்சவில்லை. உங்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும். யானை படம் போட்ட ஐம்பது பியாஸ்தர் கஸ்ஸலாவில் ஒருவரிடம் இருக்கிறதென்று தெரிந்ததும், லீவே இல்லாமல் கப்பலேறி வந்தவர்தானே நீங்கள்?

இஷ்ராகா இப்போதெல்லாம் கிஸ்ரா ரொட்டி சுடும் வாசனைக்கே வாயைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடுகிறாள். ஆமாம், நீங்கள் நினைப்பது சரிதான். நீங்கள் தாத்தாவாகப் போகிறீர்கள். பேர் வைக்கிற அன்று ஷாமாதான் பாடுகிறாள். தாத்தா எங்கே என்று நிச்சயம் கேட்பாள். பாபிகர் அண்ணன் முன்வரிசையில்தான் உட்காருவார். ஆல்பத்தில் இன்னும் நான்கு இருக்கின்றன.

அல்லாஹ் உங்களைச் சுகமாகக் கரை சேர்க்கட்டும்.

வாசலைப் பார்த்திருக்கும்,
பதூல்.