பத்தொன்பது பாட்டில்

என் வாயாடி மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, கோபம்தான் குறையவில்லை. கோபம் என் மேல். நீயும் போன ஞாயிற்றுக்கிழமை நான் கம்பெனிக் கதையைத் தொடங்கியதுமே பட்டென்று போனை வைத்துவிட்டாய். போனில் நீ என்னை முடிக்க விடமாட்டாய், அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ அங்கே பெண்களுக்கும் ஒதுக்கப்பட்டவர்களுக்கும் இடம் வாங்கிக் கொடுக்கிற அந்த டைவர்சிட்டி வேலையையே பார்க்கிறவள், நான் குறை சொன்னால் உனக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். ஆறு வருஷம் மேனேஜர் டிராயரில் கிடந்த என் சூப்பர்வைசர் விண்ணப்பத்தை வெளியே எடுத்தது எங்கள் கம்பெனிக்கு வந்த அதே மாதிரித் திட்டம்தான், அதை மறந்தால் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் அதோடு விட்டார்களா? பாட்டில் கம்பெனி வாசலில் என் படத்தை ஆள் உயரத்துக்கு மாட்டி, பெண்களுக்கு வாய்ப்புக் கொடுத்தோம் என்று கீழே எழுதினார்கள். பதினெட்டு வருஷம் விளக்குப் பெட்டி முன்னால் உட்கார்ந்து விரிசல் பாட்டிலைப் பொறுக்கினேனே, அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அன்றிலிருந்து ஒருவனை ஏன் லேட் என்று கேட்டால்கூட, படத்துக்காக வந்த சூப்பர்வைசர் என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பு. பேக்கிங்கில் இருக்கிறாரே, நாங்கள் தகரக்குரல் என்று கூப்பிடுகிறவர், அவர் என் காதுபடவே சொன்னார். உடனே எல்லாருக்கும் ஒரு வகுப்பு வைத்தார்கள். வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வாக்கியம் என்னைப் பாராட்டிச் சொல்ல வேண்டுமாம். தகரக்குரலும் ஒப்பித்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை இருபது கெட்ட பாட்டிலுக்கு அடியில் மைப்புள்ளி வைத்து, ஓடுகிற பெல்ட்டில் நல்ல பாட்டில்களோடு கலந்துவிடுவார்கள். ஒன்று தப்பினாலும், சூப்பர்வைசரே ஆனாலும் இரண்டு மாசம் பேக்கிங் மேஜை, அப்புறம் மறுபடி தேர்வு. ஒன்றைத் தப்பவிட்ட தகரக்குரலை அங்கே அனுப்பியதே நான்தான். எனக்கு மட்டும் அந்தத் தேர்வை நிறுத்திவிட்டார்கள், என்னைச் சோதிப்பது திட்டத்துக்கு அழகில்லையாம். அதனால்தான் நானே கேட்டு வாங்கினேன். வேண்டாம்மா, இடது கண்ணில் புரை இருக்கிறதே, திட்டத்துக்கு விழா எடுக்கிறார்களே, அவர்கள் எழுதிக் கொடுத்த பேச்சை அந்த மேடையில் படித்துவிட்டுப் பேசாமல் இறங்கு என்று நீ சொன்னாய். நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் எல்லாரும் எனக்குப் பின்னால் வந்து நின்றார்கள். பெல்ட் நின்றதும் எண்ணினார்கள், பத்தொன்பது. கழுத்துக்குக் கீழே முடி அளவு விரிசலோடு ஒன்று என்னைத் தாண்டிப் போயிருக்கிறது. திட்டத்து அதிகாரி, உன் வயசுதான் இருக்கும், நல்ல பெண், என்னை ஓரமாகக் கூப்பிட்டு, இருபது என்றே போட்டுவிடலாம் மேடம், நாளைக்கு விழா, உங்களைப் பார்த்துத்தானே இன்னும் நாலு பெண்கள் வருவார்கள் என்றாள். கண் கலங்கியிருந்தது அவளுக்கு. நல்லதுக்குத்தான் சொல்கிறாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தகரக்குரலுக்கு யாராவது இப்படி ஒன்றைக் கூட்டிப் போட்டார்களா? பேனாவை வாங்கிப் பதிவேட்டில் பத்தொன்பது என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வாசலில் இருந்த படத்தை அன்று சாயங்காலமே கழற்றிவிட்டார்கள். விழாவில் எனக்கு எழுதி வைத்த பேச்சை வேறொரு பெண் படித்தாளாம். நேற்றிலிருந்து எனக்குப் பேக்கிங் மேஜை. தகரக்குரல் தன் ஸ்டூலை நகர்த்தி இடம் விட்டார். யாருக்குத் தெரியப்போகிறது, இருபது என்று போட்டிருக்கலாமே என்று அப்பா இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறார். எனக்குத் தெரியுமே. வீட்டுக்கு வந்து அழுதேன், உன்னிடம் மறைப்பானேன்.

உன் மேஜைக்கும் ஒருநாள் இப்படி ஒருத்தியின் தேர்வுத் தாள் வரும். இரக்கப்பட்டு ஒன்றைக் கூட்டிப் போட்டுவிடாதே கண்ணு, முதலில் அவளைக் கேள். அடுத்த மாசம் எனக்குக் கண் ஆபரேஷன், அதற்கடுத்த மாசம் மறுதேர்வு. கோபம் ஆறியதும் போன் பண்ணு. வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்டகாலம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பத்தொன்பது பிடித்த உன் அம்மா