டிசைசிவ் என்றால்

அரியலூர்
வியாழன், மதிய இடைவேளை

அன்புள்ள அல்தாப் அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கை ஷஹானா எழுதுவது. அங்கே உன் உடம்புக்கும் வேலைக்கும் அல்லாஹ் துணை. இங்கே அம்மா சாப்பிடுகிறார், தூங்குகிறார். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

என் எண்ணை நீ பிளாக் செய்து ஏழு மாதம். அம்மாவின் அழைப்பையும் எடுப்பதில்லை. நம் தெரு இலியாஸ் மாமா நாளை ரியாத் திரும்புகிறார். அம்மா உனக்கு நெய் உருண்டை கொடுத்திருக்கிறார். அந்தப் பொட்டலத்துக்குள் இதை மடித்து வைக்கிறேன். பேச முடியாததால்தான் கடிதம்.

இன்று காலை வகுப்பில் ஒரு சொல் வந்தது. டிசைசிவ். கீழப்பழுவூரிலிருந்து வரும் தென்றல் எழுந்து, "பிடிவாதக்காரன்னு அர்த்தமா மிஸ்?" என்றாள். பின்னாலிருந்து ஒருத்தி, "எங்கப்பா மாதிரின்னு சொல்லுடி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

இல்லை என்றேன். பிடிவாதம் பழைய முடிவை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. இது வேறு. ஓர் ஆளைச் சொன்னால், தயங்காமல் முடிவெடுப்பவர். ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால், அதற்குப் பிறகு மாற்ற எதுவும் இல்லாதபடி முடித்துவிடுவது. ஆளுக்கு ஒரு வாக்கியம் கேட்டேன். கிரிக்கெட்டின் கடைசி ஓவரைச் சொன்னார்கள். எனக்கு வேறு வாக்கியம் வந்தது. சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

உனக்கு நினைவிருக்கும். நான் பிளஸ் டூ படித்தபோது உன் பயோடேட்டாவை நான்தான் எழுதினேன். இணையத்தில் பார்த்து அந்தச் சொல்லை உன் பெயருக்குக் கீழே வைத்தேன். சென்னை இன்டர்வியூவில் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். நீ, "என் தங்கச்சிதான் சார் எழுதுனா, போன் போட்டுக் கேக்கட்டுமா?" என்றாயாம். சிரித்துவிட்டு வேலையைக் கொடுத்தார்கள். அத்தா, "அப்ப வேலைய அவளுக்குல்லடா குடுத்திருக்கணும்" என்று இரண்டு நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அத்தாவுக்கு அந்தச் சொல் பொருந்தாது. எதைக் கேட்டாலும் "பாக்கலாம்". பெருநாள் சட்டைக்குப் பெரம்பலூரில் நான்கு கடை ஏறி இறங்கி முதல் கடைக்கே திரும்புவார். "மீரான் பாய், பொண்ணுக்கு எப்ப முடிக்கிறீங்க?" என்று வந்தவர்களுக்கும் பாக்கலாம். ஐந்து வருடம். அந்த ஒரு சொல்லுக்குள் உட்கார்ந்துதான் நான் எம்.ஏ. முடித்தேன்.

திருச்சி ஆஸ்பத்திரி. பத்தாம் நாள். அத்தாவின் மூச்சு இயந்திரத்தினுடையது. குழாயைப் பிடுங்குகிறார் என்று இரண்டு மணிக்கட்டையும் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். டாக்டர், "இனிமே எங்க கையில ஒண்ணும் இல்லம்மா. வீட்டுக்குக் கொண்டு போறதா இருந்தா கையெழுத்துப் போடணும். ஒரு முடிவுக்கு வாங்க" என்றார். உனக்குப் போன் செய்தேன். "நீ படிச்சவ. நீயே முடிவு பண்ணு" என்றாய்.

மறுநாள் காலை கையெழுத்துப் போட்டேன். ஆம்புலன்ஸ் பாடாலூர் தாண்டியபோது அத்தா போய்விட்டார். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

அடுத்த நாள் நீ வந்தபோது ஈர மண் மட்டும் இருந்தது. நீ அம்மாவிடம் ஒன்றுதான் கேட்டாய். "லீவு கெடச்சிருச்சு, வந்துட்டே இருக்கேன்னு உங்க போனுக்கு வாய்ஸ் அனுப்புனேனே. கேட்டிருக்கீங்க, நீல டிக் விழுந்திருக்கு. ஒரு நாள் பொறுக்க முடியலையாம்மா?"

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு உன்னைப் பார்த்து, "கேட்டேம்ப்பா. சொல்ல மறந்துட்டேன்" என்றார்.

அண்ணே, அம்மா கேட்கவில்லை. அவர் போன் என் பையில் இருந்தது. கேட்டது நான். கையெழுத்துக்கு முன்னால்.

உன் குரலை அத்தாவின் காதருகே வைத்தேன். கட்டிய கைகளை இழுத்தார். உன்னைத் தேடியா, அவிழ்க்கச் சொல்லியா. தெரியவில்லை. பாக்கலாம் என்று சொல்ல வாய் இல்லை. வாயில் குழாய். அந்த மணிக்கட்டை இன்னும் ஒரு நாள் பார்க்க என்னால் முடியவில்லை. அவருக்காகவா, எனக்காகவா. அதுவும் தெரியவில்லை.

தயங்காமல் முடிவெடுத்தவள், அதைச் சொல்ல ஏழு மாதம் தயங்கியிருக்கிறேன். தமிழில் தீர்மானம் என்கிறோம். நோய் தீர்ந்தது என்போம். அரிசி தீர்ந்தது என்போம். அன்று எது தீர்ந்தது என்று நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவுக்குப் போன் செய். அஸர் தொழுதுவிட்டுப் போனை முந்தானையால் துடைத்து மடியில் வைத்துக்கொள்கிறார். அங்கே உனக்குச் சாப்பாட்டு நேரமாம். அவர் சொன்ன பொய் எனக்காக. அதற்கு அவர் உன்னை இழக்கக் கூடாது.

எனக்கு மன்னிப்பு வேண்டாம். மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லிவிடாதே. இலியாஸ் மாமா மறுபடி வரும்போது ஒரு சொல் சொல்லி அனுப்பு. பாக்கலாம் என்று. அது போதும். அதற்குள் எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருந்துகொள்வேன்.

உருண்டையை உடனே சாப்பிட்டுவிடு. நெய் அதிகம்.

உன் ஆயுளுக்கு துஆ செய்யும்,
ஷஹானா