கதவோரத்து ராணி

3 மார்ச்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் தெரியவில்லை. போனில் கேட்டால் "ம்" என்கிறாய், அதனால்தான் காகிதத்தில் கேட்கிறேன்.

நீ அனுப்பிய உறைகள் வந்து சேர்ந்தன. சொன்னபடியே கொட்டகையில் ஒவ்வொரு மாட்டின் வாலிலிருந்தும் வேரோடு முடி பிடுங்கி, உறைமேல் பெயர் எழுதி அனுப்பியிருக்கிறேன். ராணி என்னை உதைத்தாள். அந்த உதையையும் உன் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்.

மாடு விடும் ஏப்பத்தால் வானம் சூடாகிறது என்கிறாய். எந்த மாடு குறைவாக ஏப்பம் விடும் என்று முடியைப் பார்த்தே சொல்லலாம் என்கிறாய். இதற்கெல்லாம் ஓர் அறக்கட்டளை நிதி வேறு தருகிறதாம். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உன் மாமாவிடம் சொன்னேன். "ஏப்பத்துக்குப் பணம் தர்றாங்களா? நான் இத்தனை வருஷமா சும்மாவே விட்டுட்டேனே" என்று வருத்தப்பட்டார். உனக்கு ஏப்ப டாக்டர் என்று பெயரும் வைத்துவிட்டார்.

உன் அக்கா

20 செப்டம்பர்

அன்புள்ள அக்கா,

உன் மார்ச் மாதக் கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன், திட்டாதே. மாமாவுக்கும் ஓர் உறை அனுப்பட்டுமா என்று கேள். நான் சாப்பிடுகிறேன். பிஸ்கட்டும் சாப்பாடுதானே.

போன மாதம் என் ஆட்கள் வந்து உன் கொட்டகையில் வைத்த பெட்டி, மாடு தலையை விட்டுத் தின்னும்போது அதன் மூச்சிலிருக்கும் வாயுவை அளக்கிறது. முடியில் நாங்கள் பார்ப்பது மரபணு. அது பிறவியிலேயே இருப்பது, சாகும்வரை மாறாது. மற்றக் கொட்டகைகளில் இரண்டும் ஒத்துப்போகின்றன. உன்னிடத்தில்தான் குழப்பம். மரபணுப்படி ராணிதான் இருப்பதிலேயே பெரிய ஏப்பக்காரி. பெட்டியோ, அவள்தான் எல்லாரையும்விடக் குறைவு என்கிறது. வரிசையில் பாதி மாடுகள் இப்படித்தான். திரும்பத் திரும்பச் சரிபார்த்துத் தலை சுற்றியதுதான் மிச்சம்.

பிறகுதான் தோன்றியது, உன் தீவனத்தில் எதுவோ இருக்கிறது. அது பிறவிக் குணத்தையே அடக்கிவிடுகிறது. அறக்கட்டளையின் நிதிக்குழுவுக்கு எழுதினேன், சந்தோஷத்தில் அவர்களுக்குத் தலைகால் புரியவில்லை.

இந்த வருடத்தோடு பணம் முடிகிறது அக்கா. அடுத்த கட்ட நிதி கிடைத்தால் மூன்று வருடம் ஓடும். இல்லையென்றால் நானும் என்னிடம் வேலை பார்க்கும் இரண்டு பெண்களும் ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ராணிக்கு அப்படி என்னதான் போடுகிறாய்?

உன் தம்பி

28 செப்டம்பர்

அன்புள்ள தம்பிக்கு,

பிஸ்கட் சாப்பாடு இல்லை.

எல்லாரும் போடுவதைத்தான் நானும் போடுகிறேன். காய்ந்த சோளத் தட்டை, கொஞ்சம் புல், கொஞ்சம் புண்ணாக்கு. ஆனால் நீ எந்த ராணியைக் கேட்கிறாய்? மார்ச்சில் என்னை உதைத்தவளை மே மாதமே பேக்கரிக்காரருக்கு விற்றுவிட்டோம். இப்போது நிற்பவள் அதற்கப்புறம் வாங்கியவள், பரம சாது. கதவோரத்தில் கட்டுகிற மாடு எப்போதும் ராணிதான். அடுத்தது அல்லி, அதற்கடுத்தது முத்து. மாடு மாறும், பெயர் மாறாது. உன் மாமா வீட்டில் ஆதியிலிருந்தே இப்படித்தான். பால் கறக்க வருகிறவரிடம் ஒவ்வொரு தடவையும் புதுப் பெயர் சொல்லி யார் மாரடிப்பது?

கோடையில் பாதி வரிசையை மாற்றினோம். உனக்கு இதனால் ஒன்றும் இல்லையே?

உன் அக்கா

2 அக்டோபர்

அக்கா,

பழைய ராணியின் முடியையும் புது ராணியின் மூச்சையும் ஒரே மாட்டினுடையது என்று வைத்துப் பார்த்திருக்கிறேன். கண்டுபிடிப்பு என்று எதுவுமே இல்லை. மாட்டின் காதில் எண் மாட்டச் சொல்லியிருக்கலாம். சொந்த அக்கா வீடுதானே என்று விட்டேன்.

பதினைந்தாம் தேதி நிதிக்குழு உன் கொட்டகையைப் பார்க்க வருகிறது, நானும் வருகிறேன். தலைவியாக ஓர் அம்மா வருவார், நிறையக் கேட்பார். நீ "இதுதான் ராணி" என்று மட்டும் சொல். அது பொய் இல்லையே, நீ அப்படித்தானே கூப்பிடுகிறாய்? பணம் வரட்டும். அடுத்த வருடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து அளந்து சரிசெய்துவிடுகிறேன். நான் கேட்பது சரியா தப்பா என்று எனக்கே தெரியவில்லை. என்னை நம்பி இரண்டு பெண்கள் இருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிகிறது.

தம்பி

9 நவம்பர்

அன்புள்ள தம்பிக்கு,

நிதி கிடைத்த மாதிரிதான், கையெழுத்து மட்டும் பாக்கி என்று போனில் சொன்னாய். சந்தோஷப்படத்தான் பார்த்தேன், வரவில்லை.

அன்றைக்கு அந்த அம்மா என்னிடம், "முடி எடுத்தது இதே மாட்டுகிட்டதானாம்மா?" என்று கேட்டார். நான் "ராணிதாங்க" என்றேன். கேட்டதற்கு அது பதில் இல்லை என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும். காரில் ஏறும்போது நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. உனக்காக எதையும் சொல்வேன் என்று நினைத்திருந்தேன். சொன்ன பிறகு தொண்டையிலேயே நிற்கிறது.

அதைக்கூட விழுங்கியிருப்பேன். பக்கத்துக் கொட்டகைக்காரரைத்தான் பார்க்க முடியவில்லை. குழு என் தீவனத்தைப் பாராட்டிவிட்டுப் போன சேதி கேட்டு, நல்ல பச்சைப் புல்லை நிறுத்திவிட்டு, நான் போடுகிற சோளத் தட்டையையே தேடி வாங்கிப் போடுகிறார். அவர் மாடுகள் பாதியைத் தள்ளிவிடுகின்றன, பால் இறங்கிவிட்டது. "உங்க கைராசி எங்க மாட்டுக்கு வரலையேம்மா" என்கிறார். நான் என்ன சொல்ல? இவர் ஒருவர்தான். அடுத்த வருடம் இதையே எத்தனை பேரைச் செய்யச் சொல்லப் போகிறீர்கள்?

நேற்று பேக்கரிக்காரர் வீட்டுக்குப் போய்ப் பழைய ராணியிடம் முடி எடுத்தேன். இன்னும் உதைக்கிறாள். புது ராணியிடமும் எடுத்தேன், இரண்டும் வேறு மாடு என்று அந்த முடியே சொல்லிவிடும். இரண்டு உறையிலும் ராணி என்றே எழுதி, நடந்ததை ஒரு தாளில் எழுதி, எல்லாவற்றையும் இதோடு வைத்திருக்கிறேன். அந்த அம்மாவின் முகவரி எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் உன்னை மீறி அனுப்ப மனசு வராது. கொடுப்பதா, கிழித்துப் போடுவதா, நீயே பார். உன் பிழைப்பில் கை வைக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. சும்மா இருக்கவும் முடியவில்லை.

உன் அக்கா

20 டிசம்பர்

அன்புள்ள தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. போனையும் எடுப்பதில்லை.

நேற்று உன்னிடம் வேலை பார்த்த இரண்டு பெண்களும் வந்து பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். நிதி நின்றுவிட்டதாம். நீயே குழுவின் முன்னால் உறைகளை மேஜைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னாயாம். "உங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலைங்க. தப்பு தன்னோடதுன்னு மட்டும் சொன்னார்" என்றாள் பெரியவள். சின்னவளுக்குக் காபி கொடுத்தேன், தொடவில்லை. வேலை போனவள், அவள் கோபம் நியாயம்தான்.

பக்கத்துக்காரரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டார். இன்று காலை அவர் மாடுகள் மறுபடியும் புல் தின்றுகொண்டிருந்தன.

உன்னைக் காப்பாற்றினேனா, கவிழ்த்தேனா, எனக்குப் புரியவில்லை. உன் மாமாவைக் கேட்டால், "ஏப்ப டாக்டர் சரியாத்தான் செஞ்சிருக்கான். ஆனா கொஞ்ச நாளைக்கு உன்கிட்ட பேச மாட்டான்" என்கிறார். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

கோபமென்றால் கோபம் என்று எழுது. திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். வேலை இல்லாவிட்டால் இங்கே வந்து இரு, சாப்பாடாவது ஒழுங்காகக் கிடைக்கும்.

மாடு போனால் அதே இடத்தில் வேறொன்றைக் கட்டி, அதே பெயரில் கூப்பிட்டே பழகிவிட்டேன். உன் இடத்தில் யாரைக் கட்டி, யாரைத் தம்பி என்று கூப்பிடுவது?

உன் அக்கா