முதல் சூளைக்கு எழுதிய எண்

மஞ்சக்குப்பம், கடலூர்
29.1.2012

அன்பு மகள் இசைவாணிக்கு,

அம்மாவும் நானும் உடம்பளவில் நலம். ஜெர்மனிக் குளிரில் நீயும் அப்படியே இருப்பாய் என நம்புகிறேன். புயலில் பறந்த கூரைக்குப் புதுத் தகடு போட்டாயிற்று, மின்சாரம் பதினேழாம் நாள் வந்தது, உனக்கென்று அம்மா எடுத்து வைத்திருந்த முந்திரி முழுவதும் நனைந்துவிட்டது. தபாலுக்கு நேரமில்லாததால் இதை ஸ்கேன் செய்து அனுப்புகிறேன். நிதானமாகப் படி, நான் நிதானமாகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் தொழிற்சாலையின் இருபத்தொரு வருடச் சோதனைக் குறிப்பேடுகளை உன்னிடம் கொடுத்தேன். அவற்றிலிருந்து கற்றுக்கொண்டு, எந்த மண்கலவையை எவ்வளவு நேரம் சுட்டால் மின்கம்பத்துப் பீங்கான் எவ்வளவு பலம் பெறும் என்று உன் கணினி முன்கூட்டியே சொல்லும் என்றாய். அன்றே ஒன்று சொன்னேன். ஆயுதபூஜை விடுமுறைக்குப் பின் முதல் சூளையைச் சாஸ்திரத்துக்காகப் பாதி நேரத்தில் சுட்டு இறக்கி, உடைத்துக் குழியில் கொட்டுவது எங்கள் வழக்கம். தொடக்கத்திலேயே நஷ்டம் எழுதக் கூடாதென்று சூளை மேஸ்திரி கலியமூர்த்தி சோதிக்காமலே, நல்ல சரக்குக்குரிய பலமான அறுபத்திரண்டை எழுதி, பக்க மூலையில் மஞ்சள் தடவுவார். அந்தப் பக்கங்களை விட்டுவிடு என்றேன். ஆறாயிரம் பக்கத்துல இருபத்தொண்ணு என்னப்பா பண்ணிடும் என்று சிரித்தாய். பாதி நேரச் சூடு அந்த இருபத்தொன்றில் மட்டுமே இருந்தது, மகளே.

புயலில் சாய்ந்த கம்பங்களுக்கு மின்வாரியத்தில் அவசரமாகப் பீங்கான் கேட்டார்கள். மேலாளர் சார்லஸ், பாதி நேரம் சுட்டால் போதுமா என்று உன் கணினியிடம் கேட்டார். எந்தக் கலவையைக் கொடுத்தாலும் அது அறுபத்திரண்டு என்றது. கலியமூர்த்தி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. திரையில் அந்த எண் வரிசையாக இறங்க, என் பிடரியில் அவருடைய பீடி வாடை அடித்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அடித்தது. நான் மறுத்தேன். பாதி நேரம் போதும்னு உங்க பொண்ணே கையெழுத்துப் போட்டு சர்டிபிகேட் அனுப்பிட்டாங்க, நீங்க இன்னும் சுத்தியல வச்சுத் தட்டிக்கிட்டு இருக்கீங்களே சார் என்றார் சார்லஸ். எல்லோரும் சிரித்தார்கள்.

நேற்று மதியச் சாப்பாட்டு வேளையில் யார்டில் ஒருவருமில்லை. பாதி நேரமே சுட்டு, சூளையிலிருந்து இறங்கி ஆறு நாளான மூவாயிரம் பீங்கான்கள் அடுக்கியிருந்தன. டிக் என்று ஒன்று, தொலைவில் இன்னொன்று, சற்று மௌனம், பிறகு என் காலடியில். உள்ளே விரிசல் ஓடும் சத்தம் அது. வெளியே ஒரு கோடில்லை, பளபளப்புக் குறையவில்லை. நான் நடந்தால் அடங்கியது, நின்றால் தொடர்ந்தது.

வெள்ளிக்கிழமை அவை சிதம்பரம் போகின்றன. அங்கே கம்பம் ஏறுபவன் உன் மாமன் மகன் கதிர்வேல். எச்சரித்தேன். வாணி பாஸ் போட்ட பீங்கானா மாமா, கண்ண மூடிக்கிட்டு ஏறுவேன் என்றான்.

உன் சான்றிதழைத் திரும்பப் பெறுவதாக, மின்வாரியத்தின் கொள்முதல் அலுவலகத்துக்கு வியாழக்கிழமைக்குள் எழுது. பொய்யென்று தெரிந்தே அந்த இருபத்தொரு பக்கத்திலும் ஒப்பமிட்ட சோதனை அதிகாரி நான். அதை ஒப்புக்கொண்டு, வேலையையும் விட்டு, என் கடிதத்தை எழுதி முடித்துவிட்டேன். உன்னுடையது வராவிட்டாலும் என்னுடையது போகும். அதில் உன் பெயரும், நான் சொன்ன தேதியும், நீ சிரித்ததும் இருக்கும்.

நீண்ட ஆயுளோடும் உறங்க முடிகிற மனத்தோடும் நீ இருக்க வேண்டும். அந்தக் குளிரில் உன்னைக் காதை மூடிக்கொண்டு வெளியே போகச் சொல்கிறாள் அம்மா. வியாழன், நம் நேரம் மாலை ஐந்து மணி.

உன் அப்பா,
சி. தில்லைநாதன்