மூன்றாவது சன்னல்

லிப்ஸ்டர், கேத்னெஸ்
மார்ச் 30, 1861

குடிக்கணக்கு எடுக்கும் பள்ளி ஆசிரியர் கால்டர் தாள் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு இரவு வீட்டில் யார் யார் படுத்திருக்கிறார்களோ அவர்கள் பெயரை எழுத வேண்டுமாம். சன்னல் உள்ள அறை எத்தனை என்றும் எழுத வேண்டுமாம். சன்னல் இல்லாவிட்டால் அது அறையே இல்லை! நாலு பிள்ளைகள் படுக்கும் எங்கள் பின்னறை கணக்கில் வராது. ஆக, எங்களுக்கு ஒன்று. பின்மேட்டு வீட்டில் என் தங்கை ஜேம்சினாவுக்கு மூன்று. ஆளோ இரண்டே பேர், அவளும் மீன் வியாபாரிப் புருஷனும். மூன்று சன்னலுக்கும் வெள்ளைத் திரை வேறு. வயிறு எரிகிறது. வேறு எவளாவது என்றால் இத்தனை எரியாது.

ஏப்ரல் 1

பின்னறையில் ஒரு சன்னல் வைக்கச் சொன்னேன். என் புருஷன் மாக்னஸ் வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மகாராணி வந்து எட்டிப் பாக்கப் போறாளாக்கும்? குளிருக்கு வழி வெட்டச் சொல்றியேடி" என்றார். பிள்ளைகள் சிரித்தன.

ஏப்ரல் 4

ஜேம்சினா வந்தாள். உட்காரவில்லை.

"அக்கா, மூணு அறை, ரெண்டு ஆளுன்னு எழுதக் கூச்சமா இருக்கு. ஞாயித்துக்கிழமை ராத்திரி மட்டும் மினாவ அனுப்பேன்."

மினா என் மூத்தவள், ஒன்பது வயது.

"புள்ள என்னடி பால் பாத்திரமா, இரவல் கேக்குறே?" என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. மறைப்பானேன்? அவளிடம் இல்லாதது என்னிடம் இருக்கிறது! சரி என்றேன்.

ஏப்ரல் 8

கால்டர் தாளை வாங்கிச் சத்தமாகப் படித்தார். "சன்னல் அறை ஒண்ணு, ஆளு அஞ்சு." மேட்டு வீட்டில் மூன்றுக்கு மூன்று.

மினா இன்னும் வரவில்லை.

ஏப்ரல் 10

வந்தாள், சால்வை எடுத்துப் போக!

"சித்தி இன்னும் ரெண்டு நாள் இருக்கச் சொல்றாங்கம்மா. அங்க எனக்குன்னு ஒரு சன்னல் இருக்கு. படுத்துக்கிட்டே பாத்தா நம்ம கூரைக்கு மேல கடல் தெரியுது."

கஞ்சி அடிபிடித்துவிட்டது.

ஏப்ரல் 27

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன். வேறென்ன?

இன்று மேட்டுக்குப் போய், "எம்புள்ளய அனுப்புடி" என்று கத்தினேன். "நானா புடிச்சு வச்சிருக்கேன்? அவளையே கேளுக்கா" என்றாள். கேட்டேன். மினா அவள் பாவாடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அந்தப் பாவாடையைப் பிடித்துக் கிழிக்க வேண்டும் போல் இருந்தது. பெற்றவள் நானா அவளா?

நவம்பர் 19

மீன் காலம் முடிந்தது. பின்னறைக்குச் சன்னல் வைக்க மாக்னஸ் தானாகவே கல்லை உடைக்க உட்கார்ந்தார். "பக்கச் சுவத்துல வைக்கலாம், கொஞ்சம் வெயிலாச்சும் வரும்" என்றார். பின்சுவரில்தான் வேண்டும் என்றேன். "மேட்டுக் காத்து அப்படியே உள்ள வரும்டி." வரட்டும் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பின்சுவரில் கல்லைப் பெயர்க்க ஆரம்பித்தார்.

டிசம்பர் 3

நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. எங்கள் புதுச் சன்னல் வழியே பார்த்தால் மேட்டு வீட்டின் மூன்றாவது சன்னலில் விளக்கு. ஜேம்சினா மினாவுக்குத் தலை பின்னுகிறாள். இறுக்கிப் பின்னக்கூடத் தெரியவில்லை அவளுக்கு. மினா ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். என்னிடம் ஒரு நாளும் அப்படி உட்கார்ந்ததில்லை.