மீட்டர் பெட்டிக்குள் குருவிக் குஞ்சுகள்: வியாழக்கிழமை இணைப்பைத் துண்டிக்க வேண்டாம்

அனுப்புநர்:
மின் இணைப்பு உரிமையாளரின் மனைவி,
கடைசி வீடு, பள்ளிக்கூடப் பின்தெரு.

பெறுநர்:
உதவிப் பொறியாளர் அவர்கள்,
மின் அலுவலகம்.

பொருள்: மீட்டர் பெட்டியில் குருவி கூடு கட்டியிருப்பதால் மின் துண்டிப்பை ஒத்திவைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் வீடு பூட்டிக் கிடப்பதால் கணக்கெடுக்க முடியவில்லை என்றும், வரும் வியாழக்கிழமை மின் இணைப்பு துண்டிக்கப்படும் என்றும் தங்கள் அறிவிப்பு கிடைத்தது. எங்கள் வீடு பூட்டப்படுவதே இல்லை. படுக்கையில் கிடக்கும் கணவரை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்?

2. நடந்தது இதுதான். வாசல் சுவரில் உள்ள மீட்டர் பெட்டியின் கண்ணாடி உடைந்து வெகுகாலமாகிறது. அந்த ஓட்டை வழியாக, கருப்பும் வெள்ளையுமான ஒரு ஜோடிக் குருவி உள்ளே போய்க் கூடு கட்டிவிட்டது. எண்களைக் கூடு மறைத்துவிட்டதால், கணக்கெடுக்க வந்த தம்பி பெட்டியைத் திறக்கப் போனார். ஆண் குருவி அவர் தலையில் கொத்தியது. மறுநாள் ஹெல்மெட்டோடு வந்தார். கழுத்தில் கொத்தியது. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள் என்று கெஞ்சினேன். "குருவி துரத்துச்சுன்னு எழுதினா ஆபீஸ்ல என்னை ஓட்டு ஓட்டுன்னு ஓட்டிடுவாங்கம்மா" என்றவர், வீடு பூட்டு என்று எழுதிவிட்டார். அவரைத் தண்டித்துவிடாதீர்கள், நல்ல பிள்ளை.

3. என் கணவர் பேருந்து நடத்துனராக இருந்தவர். நுரையீரல் கெட்டுப்போய், இப்போது மின்சாரத்தில் ஓடும் ஆக்சிஜன் இயந்திரத்தை நம்பித்தான் மூச்சு விடுகிறார். தெருவில் கரண்ட் போனாலே எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அவர் கட்டில் அதே சுவரை ஒட்டி இருக்கிறது. "குஞ்சுங்களுக்கு இரை வந்துடுச்சு போல, சத்தம் அடங்கிடுச்சு" என்று நேற்று சொன்னார். நான் எதுவும் கேட்காமல், அவராகப் பேசிப் பல நாளாகியிருந்தது.

4. கம்பிக்குப் பக்கத்தில் காய்ந்த புல் இருப்பது ஆபத்து என்று எனக்கும் தெரியும். எப்போது பொறி பறக்குமோ என்று வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். விவரம் தெரிந்த ஒருவரை அனுப்பி, கூட்டைக் கலைக்காமல் கம்பிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். குஞ்சுகளுக்கு இறகு முளைத்துவிட்டது. அவை பறந்ததும் நானே தகவல் தருகிறேன், புதுப் பெட்டியும் வைத்துவிடுகிறேன். அதுவரை சென்ற முறைக் கட்டணத்தையே வாங்கிக்கொள்ளுங்கள்.

5. ஐயா, இணைப்பைத் துண்டிக்க வருகிறவர் வழக்கப்படி பெட்டிக்குள் கையை விட்டு பியூஸ் கட்டையைப் பிடுங்குவார். அந்தக் கட்டையின் மேல்தான் கூடு இருக்கிறது. அவர் பிடுங்கியதும் வெளியே குஞ்சுகள் தரையில் விழும், உள்ளே இயந்திரம் நிற்கும். நான் உள்ளேதான் ஓடுவேன். அப்படி என்னை ஓட வைத்துவிடாதீர்கள். வியாழனுக்கு முன் ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள்.

நாள்: செவ்வாய்க்கிழமை காலை
இடம்: கடைசி வீட்டு வாசல்

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)